தோன்றா எழுவாய்

கண்ணாடிக் கூண்டுக்குள் இருக்கிறேன்.
காதில் அமைச்சர், வாயிலும் அமைச்சர்.
இரண்டுக்கும் இடையே மூன்று விநாடி.
அந்த மூன்று விநாடிக்குத்தான் எனக்குச் சம்பளம்.

தை மாதம் டொலர் ஒளிந்துகொண்டது.
மாசியில் பால்மா.
பங்குனியில் மழையும் விலைபோய்விட்டதாம்;
நீர்த்தேக்கம் வற்றியதன் பின்னால்
ஒரு கை இருக்கிறதாம்.
கை என்றுதான் சொன்னார். ஆளைச் சொல்லவில்லை.

அவர் பேசுகிற சிங்களத்தில்
வினை ஆளைக் காட்டாது.
நானோ நீயோ அவர்களோ, எல்லாருக்கும் ஒரே ‘கரனவா’.
தமிழ் அப்படி விடாது.
வினையின் வாலைப் பிடித்திழுத்தால் ஆள் வந்துவிடும்:
ஏன். ஓம். ஆர்கள்.
‘நாட்டுக்கு எதிராகச் சதி’ என்று தொடங்கி
மூன்று விநாடி தடவித் தேடி
ஒவ்வொரு முறையும் நான்தான்
‘செய்கிறார்கள்’ என்று முடித்தேன்.
அந்த ‘ஆர்கள்’ அவர் தந்ததல்ல.
என் கையிருப்பிலிருந்து போட்டது.

பள்ளிக்கூடத்தில் படித்தோமே, தோன்றா எழுவாய்.
வாக்கியத்தில் இராது, ஆனாலும் இருக்கும்.
‘வந்தேன்’ என்றால் உள்ளே நான்.
அமைச்சரின் வாக்கியத்துக்குள் எட்டிப் பார்த்தால்
ஒரு வெறும் கதிரை.
யாரையாவது பிடித்து இருத்தும்வரை
அது வெறுமையாகவே கிடக்கும்.
எண்பத்துமூன்றில் அதில் யாரை இருத்தினார்கள் என்று
எங்கள் வீட்டில் பேசுவதில்லை.

வேலை முடிந்து கொட்டாஞ்சேனை.
கேஸ் வரிசையில் காலையிலிருந்து
எனக்காக என் சிலிண்டர் நிற்கிறது,
முன்னும் பின்னும் சங்கிலியால் பிணைக்கப்பட்டு.
லிஸ்ட் ஓட்டோக்கார நிஸ்தாரிடம்,
மகளுடைய கணக்குக் கொப்பியின் கடைசித் தாள்களில்.
ஆறு மணிக்கு வாசிப்பார். ஆள் இல்லையென்றால் வெட்டு.

தேத்தண்ணிக் கடை ரேடியோவில்
காலைப் பேச்சு இன்னொருமுறை ஓடியது.
‘எண்பத்தைந்து, லயனல்.
எண்பத்தாறு, மர்சூக் ஹாஜியார் வீடு.
எண்பத்தேழு,
யோகாம்பிகை தர்மகுலசிங்கம்.’
நீளமான பெயர்.
நிஸ்தார் மூச்சு வாங்கிக்கொண்டுதான் முடித்தார்.
ரேடியோவில் அந்தக் கை
இன்னும் எங்கோ துழாவிக்கொண்டிருந்தது.
முன்னால் இரண்டு தலைகள் திரும்பின.
மூன்று விநாடி இருக்கும்.
அந்த அளவு எனக்கு நன்றாகத் தெரியும்.

பிறகு எண்பத்தெட்டு, பியசீலி,
தன் சிலிண்டரால் என் குதிக்காலில் இடித்து
‘அக்கே, கொஞ்சம் தள்ளுங்கோ’ என்றாள்.
தள்ளினேன்.
வரிசை நகர்ந்தது, அல்லது
நகர்வதுபோல ஒருதரம் அசைந்தது.
லொறி வரவில்லை.

ஏன் வரவில்லை என்பதில் இரகசியமே கிடையாது.
காலிமுகத் திடலில் நின்றால் தெரியும்.
ஊரெல்லாம் கறண்ட் இல்லாமல் கிடக்க
கடலில் அந்தக் கப்பல் மட்டும்
கலியாணவீடு மாதிரி எரிந்துகொண்டு நிற்கிறது.
காசைக் கொடுத்தால் இறக்குவான்.
இறால்வடை விற்கிற பெடியனைக் கேளுங்கள்,
எத்தனை நாளாக நிற்கிறது என்றும் சொல்வான்.

சித்திரையில் அமைச்சர் களைத்துப்போயிருந்தார்.
கையைப் பற்றி இருபது நிமிடம்.
தண்ணீர் குடித்தார்.
பிறகு, யாரிடமோ தனியாகச் சொல்வதுபோல,
‘சல்லி இவர உனா’ என்றார்.
காசு தீர்ந்தது.
உண்மைதான். ஆனால் அதிலும் ஆள் இல்லை.
தானாகவே தீர்ந்திருக்கிறது, மெழுகுதிரி மாதிரி.

தீர்ந்தது, தீர்த்தது:
ஒரேயொரு மெய்தான் வித்தியாசம்.
மூன்று விநாடி.
‘காசைத் தீர்த்துவிட்டோம்’ என்றேன்.

விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது.
தவறு எப்படி நேர்ந்தது?
‘நாக்குப் பிரண்டது’ என்று எழுதினேன்.
யாருடைய நாக்கு என்று எழுதவில்லை.
இரண்டாவது கேள்வி:
உமக்குப் பின்னால் இருப்பவர் யார்?

பியசீலி என்று எழுதி, பயந்து, வெட்டினேன்.
அதன்மேல் இப்படி எழுதினேன்:
எனக்குப் பின்னால் நிறையப் பேர்.
கடைசி ஆள் சந்தி வளைவுக்கு அப்பால்.
இங்கிருந்து தெரியவில்லை.